தண்ணீர் குடித்த எஞ்சின்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். முப்பது வருஷம் டாக்ஸி ஓட்டியவன். பெட்ரோல், காற்று, நெருப்பு மூன்றும் இருந்தால் எஞ்சின் ஓடும், ஒன்று குறைந்தாலும் நின்றுவிடும், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த உலகம். இப்போது சொல்லப் போவதை நீங்கள் நம்பாவிட்டால் வருத்தமில்லை. சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

எழுபதுகளின் தொடக்கம். ஐப்பசி அடைமழை. கண்டரமாணிக்கத்தில் சொக்கலிங்கம் என்ற விவசாயியின் மனைவி வள்ளிக்குப் பிரசவ வலி. குழந்தை குறுக்கே கிடக்கிறது, காரைக்குடிக்குக் கொண்டு போங்கள் என்று மருத்துவச்சி கைவிரித்துவிட்டாள். மத்தியானமே புருஷன் பெண்டாட்டி இருவரையும் என் டாக்ஸியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். அதற்கு முந்தின இரண்டு நாளும் நான் சரியாகத் தூங்கவில்லை.

நாச்சியாபுரத்துக்கு முன்னால் கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்து தரைப்பாலமே தெரியவில்லை. எஞ்சினுக்குள் தண்ணீர் அடிக்காமல் இருக்க முன்பக்கம் சாக்கைக் கட்டி, முதல் கியரில் மெதுவாக இறக்கினேன். பாதியில் அலை ஒன்று பானெட் மேல் ஏறியது. 'டக்' என்று ஒரு சத்தம், எஞ்சின் நின்றது. அந்தச் சத்தம் எந்த டிரைவருக்கும் தெரியும். சிலிண்டருக்குள் தண்ணீர் போய்விட்டது.

"ஏண்ணே சும்மா இருக்கீக? ஸ்டார்ட் பண்ணுங்கண்ணே!"

"இப்ப செல்ப் அடிச்சா மிச்சமும் ஒடைஞ்சிரும்ப்பா. அப்புறம் ஒண்ணுமே செய்ய முடியாது."

சொக்கலிங்கம் இறங்கித் தள்ளப் பார்த்தான். இடுப்பளவு தண்ணீர் அவனையே இழுத்தது. மறுபடி ஏறி, மனைவி தலையை மடியில் வைத்துக்கொண்டான். வள்ளி கத்துவதை நிறுத்தியிருந்தாள். அதுதான் பயமாக இருந்தது. நான் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக் கண்ணை மூடினேன். வேறு என்ன செய்ய?

அப்போது வண்டி அதிர்ந்தது. எஞ்சின் ஓடியது. சத்தியமாக நான் எதையும் தொடவில்லை. கரையேறி, குன்றக்குடி தாண்டி, ஆஸ்பத்திரி வாசல் வரை ஓடியது. வள்ளியை உள்ளே தூக்கிப் போனார்கள். கதவு சாத்தியதும் எஞ்சின் தானாக அடங்கியது. பொழுது சாய்வதற்குள் பெண் குழந்தை. தாயும் பிழைத்தாள்.

மறுநாள் மெக்கானிக் எஞ்சினைப் பிரித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். கனெக்டிங் ராடு இரண்டு வளைந்து, ஒரு பிஸ்டன் உடைந்து, உள்ளே கண்மாய்ச் சேறு.

"யார்ட்ட கதை விடுறீக? கயித்தக் கட்டி இழுத்துட்டுத்தான வந்தீக? இது ஒரு அடி ஓடாதுய்யா."

வளைந்த ராடைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

அவரிடம் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் பானெட்டில் கையை ஊன்றினேன். அத்தனை தூரம் ஓடி வந்த வண்டி. பானெட் ஜில்லென்று இருந்தது, கிணற்றுக்குள் கிடந்த கல் மாதிரி.

இன்றும் எந்த வண்டியை நிறுத்தினாலும் பானெட்டைத் தொட்டுப் பார்க்கிறேன். சுட்டால்தான் வீட்டுக்குள் போக மனசு வருகிறது.