ஷமீமாவின் முறை

கார் ஓட்டச் சொல்லித் தருகிறவளுக்குக் காலடியில் ஒரு பிரேக் மட்டும்தான் சொந்தம்; ஸ்டீயரிங் எப்போதும் அடுத்தவர் கையில்.

டெக்சாஸில், காப்பெல் என்ற ஊரில் எட்டு வருடமாக இந்த வேலையைச் செய்கிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் நம் பெண்கள். பால் தீர்ந்தால்கூட வீட்டுக்காரர் ஆபீஸிலிருந்து வரட்டும் என்று ஜன்னலோரம் நின்றிருப்பீர்கள். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பஸ் இல்லை, ஆட்டோ இல்லை, நடந்து போனால் பாதி வழியில் நடைபாதையும் இல்லை. என்னிடம் வந்தவர்களில் ஒருத்தியைப் பற்றி மட்டும் இங்கே சொல்கிறேன்.

மூன்று நிமிடம்

ஷமீமா கீழக்கரைப் பெண். கணவர் நஸீருக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். முடிந்து வெளியே வரும்போது தலை சுற்றும். அதனால் கார் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாடகைக் காரில் போய் வந்துகொண்டிருந்தார். ஒரு திங்கட்கிழமை அவர் மெல்லப் படியிறங்கி வாசலுக்கு வருவதற்குள், மூன்று நிமிடம் காத்திருந்த கார் கிளம்பிப் போய்விட்டது. அடுத்த கார் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது அவருடைய டயாலிசிஸ் நாற்காலியில் வேறொருவர் இருந்தார். மறுநாள்தான் இடம் கிடைத்தது. அதற்குள் கால் வீங்கி, மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது.

அந்த வாரமே ஷமீமா எனக்குப் போன் செய்தாள். சைக்கிள்கூட ஓட்டியதில்லையாம். எத்தனை நாளில் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டேன்.

“இன்னொரு தடவை கார் அவகள விட்டுட்டுப் போறதுக்குள்ள ஆன்ட்டி.”

நான்கு பக்கமும் ஸ்டாப்

அவள் நன்றாகவே ஓட்டினாள். ரிவர்ஸ் எடுப்பது, இரண்டு கம்பத்துக்கு நடுவே பார்க் செய்வது எல்லாம் ஒரு மாதத்தில் வந்துவிட்டது. வராதது ஒன்றே ஒன்றுதான். நம் குடியிருப்புத் தெருக்களில் சிக்னல் இல்லாத சந்திப்புகள் உண்டே, நான்கு பக்கமும் ‘ஸ்டாப்’ பலகை வைத்தவை. எல்லாரும் நிற்க வேண்டும். முதலில் வந்து நின்றவர் முதலில் போக வேண்டும். ஷமீமா நிற்பாள். அப்புறம் எதிரில் வருகிறவருக்குக் கை காட்டுவாள். வலப்பக்கம் வருகிறவருக்குக் கை காட்டுவாள். அதற்குள் இடப்பக்கம் இன்னொருவர் வந்துவிடுவார், அவருக்கும் ஒரு கை.

“பாத்தீகளா, எவ்வளவு வயசானவரு! அவர நிக்க வச்சுட்டு நான் எப்புடி ஆன்ட்டி முன்னால போறது?”

அதுவும் தவறுதான்

லைசென்ஸ் பரீட்சைக்கு நானே கூட்டிப் போனேன். நடந்ததை அவள் அழுதுகொண்டே சொன்னாள். நாற்சந்தியில் இவள் முதலில் வந்து நின்றிருக்கிறாள். அப்புறம் வந்த பிக்கப் டிரக்குக்காரருக்குக் கை காட்டியிருக்கிறாள். டெக்சாஸ் மனிதர் மரியாதையில் நமக்குக் குறைந்தவரா? தொப்பியைத் தொட்டு, நீங்கள் போங்கள் என்று அவரும் கை காட்டியிருக்கிறார். இவள் மறுபடி காட்ட, அவர் மறுபடி காட்ட, கடைசியில் இருவரும் ஒரே நேரத்தில் கிளம்பியிருக்கிறார்கள். பரீட்சை எடுத்த அம்மாள் கத்தியதில் நூலிழையில் மோதல் தப்பியது.

ஃபெயில். நஸீரின் நண்பர்கள் நாள் பிரித்துக்கொண்டு அவரைக் கூட்டிப் போய் வந்தார்கள். அவர்களில் ஒருவருக்குக் காலையில் மீட்டிங் வந்தாலும் ஷமீமா வீட்டில் சோறு இறங்காது. அன்று பரீட்சை எடுத்த அம்மாள் கடுமையாகப் பேசவில்லை. காகிதத்தைக் கொடுத்துவிட்டு, பிள்ளைக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொல்லியிருக்கிறார்.

“உங்கள் முறை வந்தது, நீங்கள் போகவில்லை. அதுவும் தவறுதான்.”

பின் சீட்

அடுத்த வகுப்புக்கு நஸீரையும் பின் சீட்டில் உட்காரச் சொன்னேன். அவள் பதறுவதெல்லாம் அவருக்காகத்தான். அவரே கூட இருந்தால் பழகிவிடும் என்று நினைத்தேன். அதே நாற்சந்தி வந்தது. வழக்கம்போல, “பொறுமை, அவசரமே இல்லை” என்றேன். அவள் கை ஸ்டீயரிங்கை விட்டு எழுந்தது.

நஸீர் பின்னாலிருந்து பேசினார். என் எட்டு வருடப் பாடத்தில் இருந்த பிழையை அன்றுதான் எனக்கு ஒருவர் திருத்தினார்.

“ஆன்ட்டி, அவள்ட்ட பொறுமைன்னு சொல்லாதீங்க. அது அவள்ட்ட தேவைக்கு மேலயே இருக்கு.”

சத்தமாக

அன்றிலிருந்து முறையைச் சத்தமாகச் சொல்ல வைத்தேன். நின்றதும் “அவரு, அந்தம்மா, நான்” என்று வரிசையைச் சொல்ல வேண்டும். ‘நான்’ என்று சொன்னதும் கால் பிரேக்கிலிருந்து எழ வேண்டும். முதல் நாள் “அவரு, அந்தம்மா” என்பதோடு வாய் நின்றுவிட்டது. பின்னால் வந்தவர் ஹாரன் அடித்தார். ஒரே தெருவைச் சுற்றிச் சுற்றி வந்தோம். மூன்றாம் நாள் மெல்ல வந்தது, ஐந்தாம் நாள் கத்தலாகவே வந்தது.

இரண்டாவது பரீட்சைக்கும் அதே அம்மாள்தான். என்ன சொன்னார் என்று ஓடிப் போய்க் கேட்டேன்.

“ஒன்னும் சொல்லல ஆன்ட்டி. பாஸுன்னு கையெழுத்துப் போட்டுட்டு அடுத்த ஆளக் கூப்புட்டுட்டாக.”

தூக்கம்

ஷமீமா முதல் தடவை தனியாக நஸீரை டயாலிசிஸுக்கு அழைத்துப் போன நாளில் நான் மொபைலைக் கையிலேயே வைத்திருந்தேன். பதினோரு மணிக்கு வீடு வந்திருக்க வேண்டும். பதினொன்றரை ஆனது. ஓட்டுகிறவளுக்குப் போன் செய்யக் கூடாது என்று நானேதான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்பு அவளே அழைத்தாள். என்னம்மா ஆச்சு, எங்கே நிற்கிறாய் என்று கேட்டேன். வீட்டில்தானாம், நஸீர் உள்ளே கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறாராம். வாடகைக் காரில் யாரோ ஒருவர் முன்னால் சாயக் கூச்சப்பட்டு, எவ்வளவு களைத்தாலும் நிமிர்ந்தே உட்கார்ந்து வருவாராம் அவர். இன்று ஏறி உட்கார்ந்ததுமே கண் அசந்துவிட்டதாம்.

“வண்டி நின்னா முழிச்சுருவாக ஆன்ட்டி. அதான் வீட்டத் தாண்டி, அரை மணி நேரம் சும்மா ஓட்டிட்டு இருந்தேன்.”

போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரக் கற்றுக்கொடுப்பதோடு என் வேலை முடிந்தது என்று இத்தனை வருடம் நானும் நம்பித்தான் இருந்தேன்.