குமரகுருவின் கெண்டைக்கால்

சபாபதியை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஏழு வயது மகனை என் பிசியோதெரபி அறைக்கு அழைத்து வந்தவர், பையன் அடிக்கடி விழுகிறான் என்பதைச் சொல்வதற்கு முன்னால் அவனுடைய கெண்டைக்காலைப் பெருமையாகத் தட்டிக் காட்டினார்.

"பாருங்க மேடம், எப்படி திரண்டு இருக்குது! தறிக்காரன் காலு. ஆனா படி ஏறச் சொன்னா மட்டும் அழுவுறான். சரியான சோம்பேறி."

குமரகுருவைத் தரையில் உட்காரவைத்து எழுந்திருக்கச் சொன்னேன். அவன் குப்புறத் திரும்பினான். கைகளை ஊன்றி, முழங்காலைப் பிடித்து, பிறகு தொடையைப் பிடித்து, தன் உடம்பின் மேலேயே ஏறுகிறவனைப் போல எழுந்து நின்றான். பக்கத்தில் நின்ற என் மாணவி அபிநயாவின் முகம் மாறிவிட்டது. பாடத்தில் படித்ததை அவள் நேரில் பார்ப்பது அதுதான் முதல்முறை. தசைச் சிதைவு நோய். அந்தக் கெண்டைக்காலில் நல்ல சதை குறைந்து, அதன் இடத்தில் கொழுப்பு வந்து உட்கார்ந்திருந்தது. பரிசோதனை முடிவும் பிறகு அதையே சொன்னது.

சபாபதி பிள்ளையார்பாளையத்துக்காரர். சிறுவயதில் தறிக்குழிக்குள் காலை விட்டவர், இன்றும் பட்டுதான் நெய்கிறார். கல்யாணமாகி வெகுநாள் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை குமரகுரு. அவர்கள் வீட்டில் நிற்கப் பழகும் குழந்தையை வெறும் தறிக்குழியில் இறக்கிவிடுவார்கள். அது விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்று பழகும். நடக்கத் தாமதமான குமரகுருவையும் அப்படித்தான் நிறுத்தினார்கள். அவனும் கொஞ்ச நாளில் நடந்துவிட்டான். அதனால் பையன் தடுக்கித் தடுக்கி விழ ஆரம்பித்ததும் சபாபதி வேறு வைத்தியம் தேடவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவனை நூலில்லாத தறியில் உட்காரவைத்து, குழிக்குள் இருக்கும் மிதிபலகையை மாறி மாறி மிதிக்கவைத்தார். அவன் அழுவதைப் பார்க்க முடியாமல் அம்மா நீலாம்பாள் தூக்க வந்தால், "நீ செல்லம் குடுத்துத்தான் காலு இப்படி ஆச்சு" என்று அவள் வாயை அடைத்துவிடுவார்.

கேட்டதும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. "இன்னியோட நிறுத்துங்க" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

"வேலை செய்யாத காலு எப்படி மேடம் தேறும்?" என்றார்.

தப்பான கேள்வி இல்லை. நாள் முழுக்க நானே அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்? குப்புற விழாத கைக்குழந்தைக்கும், மூட்டு மாற்றிய கிழவருக்கும், அசைத்தால்தான் பலம் என்பதே என் மந்திரம். வேலை செய்தால் தசை நுணுக்கமாகக் கிழியும். உடம்பு அதை முன்பைவிடப் பலமாகச் சேர்த்துவிடும். இந்தப் பிள்ளைக்குக் கிழிவது மட்டும் நடக்கும், சேர்வது நடக்காது. இதை ஒரு தகப்பனுக்குச் சொல்வது எனக்குப் பிடிக்கவேயில்லை. ஆனாலும் சொன்னேன், போகப்போக நடை நின்றுவிடும் என்பதையும் சேர்த்து.

சபாபதி அன்றோடு நிறுத்திவிட்டார். குதிகாலை நீவி இழுத்துவிடுவது, இரவில் காலுக்குக் கட்டை கட்டுவது, மாத்திரை என்று எதையும் அவர் தவறவிடவில்லை. அப்படியும் பையன் நுனிக்காலில் நடக்கத் தொடங்கினான். ஒரு பங்குனி உத்திரத்துக்குச் சாமி பார்க்க அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். மறு உத்திரத்துக்குள் அவன் வீட்டுக்குள்ளேயே சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தான். நான் சொன்ன எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்த ஒரு மனிதரின் கண்ணெதிரே, நான் சொன்னபடியே எல்லாம் நடந்தது. எனக்கு என் படிப்பின் மேலேயே வெறுப்பாக இருந்தது.

போன வாரம் சக்கர நாற்காலிக்கு அளவெடுக்கக் கூட்டி வந்தார்கள். நீலாம்பாள் பையனைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சபாபதி என்னை ஓரமாக அழைத்தார்.

"உண்மைய சொல்லுங்க மேடம். நான் மிதிக்க வெச்சதாலதானே?"

"இல்லீங்க. பொறக்கும்போதே இருந்த நோய். நீங்க அதைச் செய்யாம இருந்திருந்தாலும் நாற்காலி வந்துதான் இருக்கும்."

மனிதர் நிம்மதியாவார் என்று நினைத்தேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அப்படி சொல்லாதீங்க மேடம். என் தப்புன்னே சொல்லுங்க. தப்புன்னா நான் திருத்திக்கினு போயிடுவேன் இல்ல?"

திட்டுவதில் எனக்கு ஆஸ்பத்திரி முழுக்கப் பெயர் உண்டு. அன்று அவரே கேட்டும் நான் திட்டவில்லை. உள்ளே போய், குமரகுருவின் தொடை நீளத்தை அளந்து அபிநயாவிடம் சொன்னேன்.