மெஷினை நிறுத்தியவன்

பள்ளிக்கூடம் என்னை விரட்டியதா, நான் அதை விரட்டினேனா என்பது இன்னும் முடிவாகவில்லை. தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்க்கிறேன். என் மகள் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முதல் வருஷம்.

கல்லூரியில் அவளை இரும்பு கடையும் லேத் மெஷினை ஓட்ட விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். இலை அரைக்கும் மெஷினுக்குச் சுண்டுவிரலைக் காணிக்கை கொடுத்தவன் நான். உடனே குன்னூருக்கு பஸ் ஏறி, கல்லூரி ஒர்க் ஷாப் வாசலில் அவளுடைய வாத்தியாரைப் பிடித்தேன்.

"ஏனுங்க சார், எம் புள்ளைய மெஷினத் தொட வுடாதீங்க. தள்ளி நின்னு பாத்து எழுதிக்கட்டுமுங்க."

அவர் வாய் திறப்பதற்குள் மகள் வந்துவிட்டாள். கை முழுக்கக் கறுப்பு எண்ணெய்.

"தள்ளி நின்னு பாக்கறதுக்கு நான் எதுக்குப்பா படிக்கோணும்? உள்ள வாங்க."

லேத்தை ஓட்டிக் காட்டினாள். இரும்புச் சுருள் ஒன்று சிக்கிக்கொண்டது. அதைப் பிடுங்க என் கை தானாக நீண்டது. அவள் என் கையைத் தட்டிவிட்டாள். மெஷினை அணைத்து, அது முழுசாக நின்ற பிறகு கொக்கியால் சுருளை எடுத்தாள்.

"தொட்டதால உங்க விரல் போகலப்பா. ஓடறப்பத் தொட்டதால போச்சு."

எங்கள் ஃபேக்டரியில் இலை அடைத்தால் மெஷின் ஓடும்போதேதான் எல்லோரும் எடுப்போம். நிறுத்தினால் திட்டு விழும்.

மறுநாள் மெஷினில் இலை அடைத்துக்கொண்டது. நான் சுவிட்சை அணைத்தேன். சூப்பர்வைசர் ஓடி வந்தார்.

"யாரக் கேட்டு நிறுத்துன?"

"எம் பொண்ணக் கேட்டுங்க. இனிமே நிறுத்தித்தானுங்க எடுப்பேன்."

அவர் திட்டத் திட்ட, நான் ஒவ்வோர் இலையாக எடுத்தேன். என் ஒன்பது விரலுக்கும் அன்றைக்கு ஒரு அவசரமும் இல்லை.