பிரீனாவின் பத்து நிமிடம்

பிரீனா நாகர்கோவிலில் ஒரு ஜவுளிக்கடையின் சேலைப் பிரிவில் வேலை பார்த்தாள். காலையில் கடை திறந்ததும் நிற்கத் தொடங்கினால் கடை சாத்தும்வரை நிற்க வேண்டும். கேட்ட சேலையை எடுத்து, விரித்து, தோளில் போட்டுக் காட்டி, "வேற கலர் பாக்கலாமாக்கா?" என்று சிரித்து, வந்தவர்கள் ஒன்றும் வாங்காமல் எழுந்து போனபின் அத்தனையையும் மடித்து அடுக்க வேண்டும். சிறுவயதில் சர்ச் நாடகங்களில் நடித்திருக்கிறாள். நீளமான முடி இருந்ததால் எல்லா கிறிஸ்துமஸுக்கும் மரியாள் வேஷம்தான். வசனம் கிடையாது. அந்த வருத்தம் முப்பத்தைந்து வயதிலும் அவளுக்குப் போகவில்லை.

ஊர் நூலகத்தில் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மதியம் 'பத்து நிமிட மேடை' என்று ஒன்றைத் தொடங்கினார் அனில்குமார். கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறவர். யாரும் வரலாம், புதிதாக எதையும் செய்து பார்க்கலாம், பத்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. முட்டத்திலிருந்து சூசை என்ற மீனவர் வந்து, வெறும் வாயாலேயே கடல்காற்றை எழுப்பிக் காட்டினார். லட்சுமிப்ரியா என்ற மாணவி நாற்காலியில் உட்கார்ந்தபடி விரல்களால் மட்டும் ஆடினாள். பார்க்கப் போன பிரீனாவுக்குத் தானும் செய்யலாம் என்று தோன்றிவிட்டது.

தன் கல்யாணச் சேலையை எடுத்துக்கொண்டாள். விரிப்பாள், "வேற கலர் பாக்கலாமாக்கா?" என்பாள், மடிப்பாள். மறுபடி விரிப்பாள். ஒவ்வொரு முறையும் குரல் கொஞ்சம் இறங்கும். கடைசியில் உதடு மட்டும் அசையும். சிரிப்பு மட்டும் மாறவே மாறாது. அடுக்களையில் அவள் பழகுவதைப் பார்த்த கணவன் ஜாஸ்பர், "கடையில செய்யது போதாதுன்னு இங்கயுமா?" என்றான்.

கெஞ்சி லீவு வாங்கிப் போன முதல் ஞாயிறு, சிறப்பு விருந்தினர் ஒருவர் வாசிப்பின் நன்மைகளைப் பற்றிப் பேசத் தொடங்கியவர் நிறுத்தவில்லை. நூலகத்தைச் சாத்த நேரமாகிவிட்டது.

"பிரீனா, மூணு நிமிசத்துல முடிச்சிருவியளா?" என்றார் அனில்குமார்.

"மூணு நிமிசத்துல குரல் எப்பிடி சாரே எறங்கும்?"

சேலையை விரிக்காமலேயே வீட்டுக்கு வந்தாள்.

அடுத்த மாதம் இடம் கிடைத்தது. செய்தாள். முதல் இரண்டு தடவை மடித்தபோதே ஜனம் சிரித்தது, காமெடி என்று நினைத்துக்கொண்டது. குரல் அடங்கியபோது சிரிப்பும் மெல்ல அடங்கிற்று. ஹாலில் ஓர் அமைதி வந்தது. அது தனக்காக வந்தது என்று அவளுக்குத் தெரிந்தது. அந்த நேரம் பார்த்து அனில்குமார் மைக்கோடு எழுந்தார். உடலரசியல், நுகர்வுப் பண்பாட்டுக்கு எதிரான மௌனம் என்று அவள் செய்ததைவிட அதிக நேரம் விளக்கினார்.

"சாரே, அது கால் வலியாக்கும்," என்றாள் பிரீனா.

"பாத்தியளா, இந்த எளிமைதான்!" என்று அதையும் சேர்த்துக்கொண்டு மேலே பேசினார்.

யாரோ எடுத்த வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றிக் கடைக்கும் வந்து சேர்ந்தது. சேலைப் பிரிவு சூப்பர்வைசர் ரத்தினம் அவளைக் கூப்பிட்டார்.

"நம்ம கடையக் கிண்டல் பண்ணுகியாம்?"

"கடை பேர நான் எங்க சொன்னேன்?"

"சொல்லாண்டாம். உனக்க மூஞ்சியே போதும்."

வேலையை விட்டு நிறுத்தவில்லை. வார லீவு புதன்கிழமை மட்டும்தான் என்று வைத்து, இனி ஞாயிற்றுக்கிழமை லீவு கேட்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

விஷயத்தைச் சொல்ல அனில்குமாருக்குப் போன் செய்தாள். அவர் சற்றும் கலங்கவில்லை. "அதுக்கென்ன, உங்களுக்குப் பதிலா லட்சுமிப்ரியா செய்வா. கருத்து பிரீனான்னு உங்க பேரையும் போடுவோம்."

"வேண்டாம் சாரே. அவ நல்ல பிள்ளதான். ஆனா அவளுக்கு உக்காந்து ஆடத்தான தெரியும், இதுல நிக்கணும்லா."

"கலை யாருக்கும் சொந்தமில்ல, பிரீனா."

"அப்பம் மைக்கு மட்டும் எப்பிடி உங்களுக்குச் சொந்தமாச்சு?"

போனை வைத்தாள். இருந்த ஒரே மேடையும் போயிற்று என்பது அப்புறம்தான் உறைத்தது. இரண்டு நாள் ஜாஸ்பரிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தாள்.

புதன்கிழமை நேராக நூலகர் செல்லக்கனியிடம் போய் நின்றாள். வாசிப்பறையில் ஒரு மூலை தந்தால் போதும் என்றாள்.

"சத்தம் வருமா, பிள்ளே?"

"கடைசில சத்தமே இருக்காதுக்கா."

"தொடக்கத்துல?"

"கொஞ்சம் வரும்."

செல்லக்கனி யோசித்தாள். "பேப்பர் படிக்கியவங்க சண்டைக்கு வந்தா நான் உனக்காகப் பேச மாட்டேன், பாத்துக்க."

பேப்பர் படிக்க நாலைந்து பேர் இருந்தார்கள். பிரீனா சேலையை விரித்ததும் மின்விசிறிக் காற்றில் முந்தானை பறந்து ஒருவர் முகத்தில் விழுந்தது. "தள்ளி நில்லும்மா," என்றார். தள்ளி நின்று மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். ஒருவர் செருப்பைச் சரசரவென்று இழுத்துக்கொண்டு வெளியே போனார். குரல் இறங்கும் இடம் வந்தபோது வழுக்கைத் தலைப் பெரியவர் ஒருவர் பேப்பரைத் தாழ்த்தி அவளையே பார்த்தார். அந்தப் பார்வையில் கூச்சம் வந்து, இரண்டு தடவை விரித்து மடிப்பதைத் தாண்டி ஓடி, சட்டென்று முடித்துவிட்டாள்.

"முடிஞ்சா?" என்றார் பெரியவர்.

"முடிஞ்சு."

"என்னவாக்கும் இது?"

விளக்கம் சொன்னால் தானும் அனில்குமாராகிவிடுவோம் என்று பட்டது. "பாத்தியள்லா, அதுதான்," என்றாள். அவர் மறுபடி பேப்பரைத் தூக்கிக்கொண்டார்.

அவள் கோபமெல்லாம் இப்போது தன்மேலேயே திரும்பியது. நிதானமாக நிற்க வேண்டிய இடத்தில்தானே ஓடினோம்? யாரும் இன்று தடுக்கவில்லையே! சேலையை ஒழுங்காக மடிக்கக்கூடப் பொறுமையில்லாமல் பைக்குள் திணித்துக்கொண்டு செல்லக்கனியின் மேஜைக்குப் போனாள்.

"அக்கா, அடுத்த புதனும் வரட்டா? இன்னைக்குச் சரியா வரல்ல."

செல்லக்கனி நிமிர்ந்து பார்க்கவில்லை. "வா. ஃபேனுக்கு நேரே மட்டும் நிக்காத."