அலீமா ராத்தா கெடுத்த மட்டம்

அலீமா ராத்தாவை நான் முதன்முதலில் கண்டபோது, அவர் தன் வீட்டுப் பின்வளவில் இரண்டு விரல் ஆழத் தண்ணீருக்கு நடுவே கையில் ஒரு பலகையோடு நின்றுகொண்டிருந்தார்.

அது 2017ஆம் ஆண்டு மாரிக்காலம். எங்கள் ஊர் எத்தாளை; குடும்பத்தில் முதலாவதாகப் பட்டம் எடுத்தவன் நான். பட்டமளிப்புப் படத்தை உம்மா சுவரில் மாட்டிய அதே மாதம், பட்டதாரிப் பயிலுனராக டெங்கு ஒழிப்பு வேலைக்கு அனுப்பப்பட்டேன். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கிரிசாந்தோடு தில்லையடியில் வீடு வீடாகப் போய் சிரட்டை, டயர், பூச்சாடி கவிழ்க்க வேண்டும். அப்படிப் போன வீடுகளில் ஒன்று அது.

கிரிசாந்த் உடப்புக்காரர். பகிடி விடாமல் அவருக்குப் பேச வராது.

"என்னக்கா இது? வளவுக்குள்ள குளம் வெட்டி வச்சிருக்கிறீங்க?"

"குளமில்ல ஐயா. வொலிபோல் கோட்."

"அப்ப நீந்தித்தான் விளையாடுறதோ?"

ராத்தா சிரிக்கவில்லை. "பகிடி இரிக்கட்டும். நாலு மூலையையும் பாருங்க. எங்கயாச்சும் தண்ணி கூடக் குறைய நிக்கிதா?"

சோதிக்கும் ஆசையில் என் பேனாவை நான்கு மூலையிலும் தோய்த்துப் பார்த்தேன். அறுபது அடி நீளம், முப்பது அடி அகலம். நான்கு இடத்திலும் பேனா ஒரே கோடுவரைதான் நனைந்தது.

"மட்டம் நல்லம்தான் அக்கா," என்றார் கிரிசாந்த். "நுளம்புக்கும் நல்லம். ஒரு கிழமை தாறன். மழை விட்டு அரை நாள் போயும் தண்ணி நின்டுதெண்டால் இதைக் கிண்டி மண் நிரப்பச் சொல்லி எழுத வேண்டி வரும்."

ராத்தா என் பக்கம் திரும்பினார். "தம்பி ஆரு?"

"கெம்பஸ் முடிச்ச பிள்ளை," என்றார் கிரிசாந்த்.

"யா அல்லாஹ்! கெம்பஸ் முடிச்ச புள்ளயையா சிரட்டை எண்ண விட்டிரிக்கிறீங்க?"

அன்றிலிருந்து எனக்கு அவர் கூடப்பிறக்காத ராத்தா. நான் வாடகைக்கு இருந்த அறை அடுத்த ஒழுங்கையில்தான். வேலை முடிந்து தினமும் எட்டிப் பார்ப்பேன்.

தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்கள் விரட்டப்பட்டபோது மன்னாரிலிருந்து வள்ளத்தில் கற்பிட்டியில் வந்து இறங்கிய அவருக்கு அப்போது பன்னிரண்டு வயது. பதினைந்தில் உப்பளத்துக்குப் போனார். முதலில் உப்புச் சுமந்தார். பிறகு பாத்தி அடிக்கும் வேலை கிடைத்தது. பாத்தியின் களிமண் தரையைக் கட்டையால் அடித்து இறுக்கி மட்டமாக்குவது லேசான காரியமில்லை. ஒரு பக்கம் சரிந்தால் அங்கே தண்ணீர் தேங்கும், மறுபக்கம் காய்ந்து கிடக்கும், உப்பு ஒழுங்காக விளையாது. அலீமா அடித்த பாத்தியில் தண்ணீரைத் திறந்தால் அது நான்கு மூலையையும் ஒன்றாகத் தொடும் என்று உப்பளத்தில் சொல்வார்கள். அந்தப் பேரை அவர் இருபது வருடம் காப்பாற்றி வந்திருந்தார்.

மகள் நிஸ்ரின் பாடசாலைக் கரப்பந்து அணியில் இருந்தாள். பிள்ளைகள் விளையாடிப் பழகிய வெளி, தெருவை ஒட்டி இருந்தது. பையன்களின் மோட்டார் சைக்கிள்கள் நின்று நின்று போகத் தொடங்கின. வீடுகளில் மறித்துவிட்டார்கள். மதில் இருக்கிற இடமென்றால் விடலாம் என்று மற்ற ஆறு பிள்ளைகளின் வீட்டிலும் ஒரே பதில். நிஸ்ரின் அழவில்லை, பந்தை அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டாள். அந்தப் பந்தை மூன்று நாள் பார்த்த ராத்தா நான்காம் நாள், "எத்தின அடி வேணும்?" என்று கேட்டார்.

உப்பளத்தில் மாரிக்கு வேலை இல்லை. மதில் சூழ்ந்த தன் பின்வளவிலிருந்த கோழிக்கூட்டை முன்வளவுக்கு மாற்றினார். முருங்கையைத் தறித்தார். வண்ணாத்திவில்லுச் செம்மண்ணைக் களியோடு கலந்து பரப்பி, உப்பளத்துச் சிநேகிதி டொறத்தியோடு சேர்ந்து இருபது நாள் அடித்தார். தனக்குத் தெரிந்தபடியே அடித்தார். போதாததற்குச் சுற்றிலும் நான்கு விரல் உயரத்துக்கு ஒரு வரம்பும் கட்டியிருந்தார். கை பழகிய பழக்கம்.

கிரிசாந்த் போனதும் முதலில் வரம்பை உடைத்தார். இரண்டாம் நாள் மழை பெய்தது. மறுநாள் மாலையிலும் தரை முழுக்க அரை விரல் தண்ணீர் நின்றது.

கணவர் பாயிஸ் நானா திரீவீலை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார். "விடு அலீமா. இன்னும் ரெண்டு வெயில் அடிச்சா உப்பு விளைஞ்சிரும். வாரி எடுப்பம்."

"நீங்க பேசாமப் போங்க."

"வரம்பத்தான் உடைச்சியே, ஏன் போகுதில்ல?"

"எங்க போறது? எல்லாப் பக்கமும் ஒண்டுபோல இரிந்தா, அது எந்தப் பக்கம் போகும்?" சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றுவிட்டார். குசினி வாசலில் குந்தி வெகுநேரம் அந்தத் தண்ணீரைப் பார்த்தபடி இருந்தார். தேத்தண்ணி ஆறிப் போனது.

அடுத்த நாள் காலை, வலைக் கம்பங்கள் இரண்டுக்கும் இடையே ஒரு கயிறு கட்டினார். அந்தக் கோடு நான்கு விரல் உயர வேண்டும், அங்கிருந்து இரண்டு கரைக்கும் ஒரே அளவாக இறங்க வேண்டும் என்றார். டொறத்தி அடிகட்டையைக் கீழே போட்டுவிட்டார்.

"கோணலா அடிக்கச் சொல்றியா? என்னால ஏலாது. பாலாவி உப்பளம் முழுக்கச் சிரிக்கும்."

"சிரிக்கட்டும்."

"அலீமாட மட்டம் சரிஞ்சி போச்சாம் எண்டு சொல்லுவாளுகள்டி!"

"சொல்லட்டும். பாத்தி தண்ணியப் புடிச்சி வெக்க. இது தண்ணிய விட. நான் இவ்வளவு நாளும் என்ட புள்ளைக்கு உப்புப் பாத்தியத்தானே கட்டிக் குடுத்திரிக்கேன்." கீழே கிடந்த அடிகட்டையைக் காட்டினார்: "எடு டொறத்தி. நான் தனிய அடிச்சா ரெண்டு பக்கமும் ஒண்டுபோல வராது."

டொறத்தி முணுமுணுத்துக்கொண்டே எடுத்தார். ஆனாலும் முதல் அடியை அவர் அடிக்கவில்லை. இருபது நாள் உழைத்து வழவழப்பாக்கிய தரையை ராத்தாவே மண்வெட்டியால் கொத்தினார். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அவர் முகம் கல்லாக இருந்தது. பிறகு மூன்று நாள் இரண்டு பேருக்கும் சாப்பாட்டு நேரம் தவிர ஓய்வில்லை.

ஏழாம் நாள் விடியப்புறம் நல்ல மழை. ஒன்பது மணிக்குக் கிரிசாந்தும் நானும் போனோம். தரை ஈரமாக இருந்தது, ஆனால் தண்ணீர் ஒரு சொட்டும் நிற்கவில்லை. எல்லாம் இரண்டு கரையிலும் வெட்டிய கானில் இறங்கி மதிலடித் தென்னைகளுக்குப் போயிருந்தது. கிரிசாந்த் குனிந்து கையால் தடவிப் பார்த்தார். பிறகு நிஸ்ரினிடம் பந்தை வாங்கி வலைக்கு அடியில் வைத்தார். பந்து மெல்ல மெல்ல உருண்டு கரைக்குப் போய் நின்றது.

"என்னக்கா, பந்து தன்ட பாட்டில போகுதே? இதில எப்படி விளையாடுறது?"

ராத்தா வாய் திறக்குமுன் நிஸ்ரின் சொன்னாள்: "ஐயா, பந்து நிலத்தில விழாம அடிக்கிறதுதானே வொலிபோல்."

கிரிசாந்த் பேனாவை எடுத்தார். புத்தகத்தில் 'தண்ணீர் இல்லை' என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். டொறத்தி அந்தச் சரிவைத் தலையைச் சாய்த்து நெடுநேரம் பார்த்துவிட்டு, "ரெண்டு பக்கமும் ஒரே சரிவுதான்டி," என்றார். ராத்தா அப்போதுதான் சிரித்தார்.

அன்று மாலையே ஆறு பிள்ளைகளும் வந்தார்கள். அடுத்த வருட வலயப் போட்டியில் இரண்டாம் இடம். அந்த ஆறு வீட்டு வாப்பாமாரும் மைதானத்துக்கு வந்து கத்திய கத்தில் எனக்குக் காதே அடைத்தது.

அலீமா ராத்தாவுக்கு இப்போது நாற்பத்தாறு வயது. உப்பளத்தில் பாத்தி அடிக்கும் குழுவுக்கு அவர்தான் தலைவி. தில்லையடியில் இன்னும் இரண்டு வீட்டுப் பின்வளவுகளில் கோட் அடித்துக் கொடுத்திருக்கிறார். நிஸ்ரின் உடற்கல்வி ஆசிரியையாவதற்குப் படிக்கிறாள். வீட்டுக் கோட்டில் வேறு பிள்ளைகள் விளையாடுகிறார்கள். மழை விட்டு ஒரு மணித்தியாலத்தில் வலை கட்டலாம்.