பான் கார்டில் முகவரி இருக்காது

மஹாலட்சுமிக்குச் சம்பளம் கொடுப்பதே சந்தேகப்படுவதற்குத்தான். கஸ்டமர் கேரில் பேசுகிறவர்களின் பதிவுகளைக் கேட்டு மார்க் போடுவது அவள் வேலை. யார் மழுப்புகிறார்கள், யார் தெரிந்தே பொய் சொல்கிறார்கள், கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் எத்தனை வினாடி மௌனம் என்று எழுதி பெங்களூர் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். ஆறு வருஷமாக வீட்டிலிருந்தே இதைச் செய்துவந்தாள். இருபத்தொன்பது வயதில் அவள் நம்பிய ஆட்களை எண்ண ஒரு கை விரல்கள் போதும், அதிலும் இரண்டு மீதி இருக்கும்.

வீடு என்றால் பெரும்பாக்கம் ஹவுசிங் போர்டில் ஐந்தாவது மாடி. கடற்கரைக் குப்பத்தை இடித்தபோது அம்மா முத்தாலம்மாளுக்கு ஒதுக்கப்பட்ட வீடு அது. அம்மா இப்போதும் மீன்தான் விற்கிறாள், பிளாக்குக்குக் கீழே பலகை போட்டு.

ஜனவரியில் கம்பெனி அவளுக்குப் பதவி உயர்வு கொடுத்தது. இனிமேல் பதிவைக் கேட்டால் போதாது, கேமராவைப் போட்டுக்கொண்டு வெளிநாட்டு ஆட்களிடம் நேரடியாகப் பேச வேண்டும். சோதனைக்குப் பேசிய முதல் நாளே பக்கத்து வீட்டு மிக்ஸி, மாடிப்படியில் ஓடிய பிள்ளைகள், தண்ணீர் லாரிக்காரனின் ஹாரன் எல்லாம் சேர்ந்து லண்டனுக்குப் போய்விட்டன. “பத்து நாளில் அமைதியான இடம் பார்த்துக்கொள், இல்லாவிட்டால் பதவியும் இல்லை, பழைய வேலையும் இல்லை” என்று மேனேஜர் மெயில் அனுப்பினார். வீட்டில் உருப்படியாக வரும் ஒரே வருமானம் அது.

அப்படித்தான் அவள் கோவொர்க்கிங் இடம் தேடி அலைந்தாள். ஒரு மேஜையும் நாற்காலியும் மாச வாடகைக்கு விடுவார்கள், கரண்டும் வைஃபையும் அவர்கள் பொறுப்பு. நாவலூரில் முதல் இடம். கண்ணாடிக் கதவு, காபி மெஷின், முன் மேஜையில் சிரித்த முகத்தோடு ஒரு பெண். ஆதார் அட்டையைக் கேட்டார்கள், கொடுத்தாள். அந்தப் பெண் அட்டையைத் திருப்பி முகவரியைப் படித்தாள். மஹாலட்சுமி மனசுக்குள் எண்ணினாள். ஏழு வினாடி.

“சீட் எல்லாம் ஃபுல் மேம். வெயிட்டிங் லிஸ்ட்ல போட்டு கால் பண்றோம்.”

அந்தப் பெண்ணுக்குப் பின்னால் எட்டு மேஜை காலியாகக் கிடந்தது. மேடவாக்கத்தில் இன்னொருவர் போர்டிலேயே அட்வான்ஸ் கிடையாது என்று எழுதி வைத்திருந்தார். பெரும்பாக்கம் என்று கேட்டதும் மூன்று மாச அட்வான்ஸ் வந்துவிட்டது. ஹவுசிங் போர்டு ஆட்கள் என்றால் திருடர்கள் என்று அவர்களுக்கு நினைப்பு. எந்தத் தப்பும் செய்யாத ஒருத்தியின் ஊர்ப் பெயரைக் கேட்டே மேஜையைப் பூட்டுகிற இந்த மனிதர்களை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. அவளுக்கு வயிறு எரியவில்லை. வேறு வழி யோசித்தாள்.

பான் கார்டில் முகவரி இருக்காது. அவள் பிளாக்கில் வேலை தேடுகிற எல்லோருக்கும் இது தெரியும்.

தாம்பரம் கிழக்கில் ஷ்யாம்சுந்தர் என்பவர் பழைய கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தை நாற்பது சீட் இடமாக மாற்றியிருந்தார். கை கழுவும் தொட்டிகள் மட்டும் சுவரோரம் வரிசையாக அப்படியே இருந்தன. அவரிடம் பான் கார்டை நீட்டினாள். படிவத்தில் முகவரிக்குப் பக்கத்திலேயே இருக்கிற சேலையூர் என்று எழுதினாள். ஒரு வினாடி கூட ஆகவில்லை.

“வெல்கம் மேடம். ஜன்னல் பக்கம் எடுத்துக்கோங்க. எதுன்னாலும் தீபாகிட்ட கேளுங்க.”

தீபா முன் மேஜையில் இருக்கும் பெண். இருபத்திரண்டு வயதிருக்கும், இஸ்திரி கலையாத சுடிதார், பிசிறில்லாத பேச்சு. மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். மஹாலட்சுமியின் பயத்துக்கு இந்த தீபாதான் முகமானாள்.

மூன்றாம் நாள் தீபா கேட்டாள். “எந்த பஸ்ல வர்றீங்க மேடம்?”

“ஸ்கூட்டி.”

அடுத்த வாரம், “ஸ்கூட்டி சர்வீஸுக்கு விட்டிருக்கீங்களா? கீழ காணோமே” என்றாள். அதற்கு அடுத்த வாரம், “ஈவினிங் எத்தனை மணிக்குக் கிளம்புறீங்க? தனியாவா போவீங்க?”

ஒரே விஷயத்தை மூன்று விதமாகக் கேட்கிற ஆளுக்கு மஹாலட்சுமி வேலையில் சிவப்புக் கொடி போடுவாள். இங்கேயும் போட்டாள். இவள் துப்பறிகிறாள், முதலாளி சொல்லிக் கேட்கிறாள், ஒருநாள் ஆதாரைக் கேட்பார்கள், அன்றோடு சீட் போகும், சீட்டோடு வேலையும் போகும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். தீபா டீ கொண்டு வந்து வைத்தால் கூட லேப்டாப்பைச் சாத்தினாள். சாயங்காலம் கேம்ப் ரோடு வரை நடந்துபோய் அங்கே பஸ் ஏறினாள், யாராவது பின்னால் வருகிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு.

ஒரு வியாழக்கிழமை தீபா மெதுவாக வந்து நின்றாள். “நீங்க எந்தப் பக்கம் போறீங்கன்னு...”

மஹாலட்சுமி எழுந்து நேராக ஷ்யாம்சுந்தரின் அறைக்குப் போனாள். “உங்க ஸ்டாஃப் என் பர்சனல் விஷயமெல்லாம் நோண்டிக்கிட்டே இருக்காங்க சார். ஒரு லேடிக்கு இங்க சேஃப்டி இல்லைன்னு ரிவ்யூ போடட்டுமா?”

ரிவ்யூ என்ற வார்த்தைக்கு அந்த மனிதர் நடுங்கினார். வெள்ளிக்கிழமை காலையில் முன் மேஜை காலியாக இருந்தது.

“தூக்கிட்டேன் மேடம். கஸ்டமர்தான் நமக்கு முக்கியம்” என்றார். மஹாலட்சுமி அன்றைக்குத்தான் நிம்மதியாக டீ குடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மீன் பலகையில் கூட்டம் அதிகம். அன்று மட்டும் அவள் இறங்கி வந்து அம்மாவுக்கு மீன் ஆய்ந்து கொடுப்பாள். மற்ற நாளில் வாங்க வருகிறவர்களை அவளுக்குத் தெரியாது. நைட்டி மேல் துண்டைப் போட்டு, கையெல்லாம் செதிளாக, சங்கரா மீனின் வயிற்றைக் கீறிக்கொண்டிருந்தபோது அம்மாவின் குரல் கேட்டது.

“வா தீபா. இன்னா, ரெண்டு நாளா பகல்லயே சுத்தினுகீற? வேலைக்கு போவல?”

மஹாலட்சுமி நிமிர்ந்தாள். பழைய சட்டையும் பாவாடையுமாக, கையில் பிளாஸ்டிக் கூடையோடு தீபா நின்றிருந்தாள். அவளும் பார்த்துவிட்டாள். ஓடி ஒளிய ரெண்டு பேருக்கும் இடமில்லை.

“வேல போச்சிக்கா” என்றாள் தீபா, கண்ணை மஹாலட்சுமியிடமிருந்து எடுக்காமல். ஆபீஸில் பேசிய பேச்சு எங்கேயோ போயிருந்தது. “ஒரு மேடம் கம்ப்ளைண்ட் குத்துட்டாங்க.”

“இன்னாத்துக்கு?”

“எந்த பஸ்ஸுல போறீங்கன்னு கேட்டேங்கா. அதுக்குத்தான். மேடவாக்கம் தாண்டுனா பஸ்ஸு காலியாயிடுது. போன மாசத்துலேர்ந்து ஒருத்தன் தெனிக்கும் பின்னாடியே வந்து எறங்குறான். அந்த மேடமும் நம்ம பக்கம்தான், ஒருநாள் காலைல ஸ்டாப்புல பாத்தேன். அவங்க வேற எடம்னு எழுதியிருந்தாங்க, நானுந்தான் எழுதியிருந்தேன். மூஞ்சிக்கு நேரா சொன்னா பயந்துருவாங்கன்னு, அவங்களா சொல்லட்டும்னு சுத்தி வளைச்சி கேட்டேன். தொணைக்கு ஒரு ஆளு கெடைக்குமேன்னுதான்.”

முத்தாலம்மாள் கத்தியைப் பலகையில் குத்தினாள். “எவ அவ? பொட்டப்புள்ள பொழப்புல மண்ணள்ளிப் போட்ட கம்னாட்டி, நல்லாருப்பாளா? அவ கையில புழு வைக்க!”

அந்தக் கை அங்கேயே, மீன் ரத்தத்தோடு இருந்தது. தீபா கூடையை நீட்டினாள். “அரைக் கிலோ மத்தி குடுக்கா” என்றாள்.

“நான்தாம்மா அது” என்றாள் மஹாலட்சுமி.

முத்தாலம்மாள் மகளைப் பார்த்தாள், தீபாவைப் பார்த்தாள். விட்ட சாபத்தைத் திரும்ப வாங்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள். மஹாலட்சுமிக்குச் செத்துப்போகலாம் போல வெட்கமாக இருந்தது.

“நாளைக்கே சார்கிட்ட சொல்றேன். என் மேலதான் தப்புன்னு சொல்லிடறேன்” என்றாள்.

“சொன்னா நீ எங்கேர்ந்து வர்றன்னு கேப்பாரு. உன் சீட்டும் பூடும். வாணாம்” என்றாள் தீபா. மத்தியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். ஆய்ந்து தரட்டுமா என்று மஹாலட்சுமி கேட்டது அவள் முதுகுக்குத்தான்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மஹாலட்சுமி ஷ்யாம்சுந்தரின் அறைக்குள் போய் ஆதார் அட்டையை மேஜை மேல் வைத்தாள். தான் எழுதியது பொய் முகவரி, தீபா துணை தேடித்தான் கேட்டாள், அவளும் பெரும்பாக்கத்தில்தான் இருக்கிறாள், அவளைத் திரும்ப வேலைக்கு எடுங்கள் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். இந்த முறை அவள் வினாடிகளை எண்ணவில்லை.

ஷ்யாம்சுந்தர் அட்டையைத் திருப்பிப் படித்தார். நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார். அவர் கண் அறைக்கு வெளியே, மேஜைகளின் மேல் இருந்த லேப்டாப்புகளின் பக்கம் போய்விட்டு வந்தது.

“ஒரே எடத்துலேர்ந்து ரெண்டு பேர். ரெண்டு பேருமே பொய் அட்ரஸ்” என்றார். “உண்மையைச் சொல்லுங்க. ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டா இங்க வந்தீங்க?”

“இல்ல சார்” என்றாள் மஹாலட்சுமி. “பேசியிருக்கணும்.”