உயில் எழுதிய கையோடு ஒரு முழுக்கு

டப்ளினில் என்னோடு வேலை பார்க்கும் நர்ஸ் மேவ், ஆஸ்பத்திரி கான்டீனில் சூப் குடித்துக்கொண்டே, "நாளைக்கு லீவு. காலையில் பல் டாக்டர், மத்தியானம் உயிலை மாற்ற வேண்டும்" என்றாள். பல்லும் உயிலும் ஒரே மூச்சில்! இந்த நாட்டின் குளிரோடும் உருளைக்கிழங்கோடும் பழகிவிட்டேன்; இந்தப் பேச்சுக்கு மட்டும் இன்னும் பழகவில்லை. வீடு மாறினாலும், பிள்ளை பிறந்தாலும், கல்யாணம் முறிந்தாலும் இங்கே உடனே உயிலைத் தூசி தட்டி எடுத்துவிடுகிறார்கள். "உன்னுடையது?" என்று கேட்டாள். பழையதுதான், இன்னும் கணவன் பேரில் இருக்கிறது என்றேன். "அவர்தான் பிரிந்து போய்விட்டாரே?" "ஊருக்குப் போய்த்தான் மாற்ற வேண்டும்; அம்மாவுக்குத் தெரிந்துவிடும்." "ஏன், அம்மாவுக்கு ஒன்றும் கிடையாதா?" "வீட்டையே அம்மாவுக்குத்தான் எழுதப்போகிறேன்." வீடு கிடைக்கிற அம்மா எதற்கு வருத்தப்பட வேண்டும் என்று அவளுக்குக் கடைசிவரை புரியவில்லை. விளக்க எனக்கும் தெம்பில்லை.

தென்காசிப் பக்கம் மேலகரத்தில் அம்மா குடியிருக்கும் வீடு என் சம்பாத்தியத்தில் கட்டியது, என் பேரில் இருப்பது. கல்யாணமான புதிதில், எனக்கு ஏதாவது ஆனால் வீடு கணவனுக்கு என்று எழுதி வைத்தேன். அம்மாவை மகன் மாதிரி பார்த்துக்கொள்வான் என்று நம்பிய காலம் அது. இப்போது அவன் லிமரிக் நகரில் வேறொருத்தியோடு இருக்கிறான். நாளைக்கே எனக்கு ஒன்று ஆகிவிட்டால், இந்த வயதில் அம்மா சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவாள்? வேலை முடிந்து வந்து படுத்தால் இந்த நினைப்புதான். அவளிடமோ, 'அவருக்கு வேலை அதிகம்' என்றே ஒப்பேற்றி வந்தேன். வெளிநாட்டில் இருக்கும் உங்களுக்குத் தெரியும்; போனில் சிரித்துச் சிரித்துப் பொய் சொல்வதைவிட அலுப்பான வேலை வேறில்லை.

ஊர் வீட்டுக்கு ஊரிலேயே எழுதினால்தான் பின்னால் சிக்கல் வராது என்றார்கள்; ஆனியில் சாரல் தொடங்கிய சமயம் ஊருக்குப் போனேன். உயில் என்றதுமே அம்மா, "ஏட்டி, வந்து இறங்கினதும் பேசுத பேச்சா இது? வாயைக் கழுவு" என்றாள். எங்கள் பக்கம் உயில் என்பது ஆள் படுக்கையில் விழுந்தபின் எழுதுவது. நன்றாக நடமாடுகிறவள் எழுதினால் எமனுக்கு விலாசம் கொடுத்த மாதிரி. எழுதும் இடத்துக்கு நீ வர வேண்டாம் என்றேன்; கேட்கவில்லை.

தென்காசியில் பத்திரம் எழுதும் கடைக்குப் பெரியப்பா மகன் பரமசிவம் அண்ணன் சாட்சியாக வந்தார். இன்னொரு சாட்சிக்கு நண்பரையும் கூட்டி வந்திருந்தார். அண்ணன் போலீசில் ரிட்டயரானவர். முதல் உயிலை டப்ளினில் எழுதியபோது சாட்சிகள் மடித்த தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மழையைப் பற்றிப் பேசிக்கொண்டே போய்விட்டார்கள். அந்த நினைப்பில் இங்கேயும் தாளை மடித்து, கையெழுத்து போடும் இடத்தை மட்டும் காட்டினேன். அண்ணன் கண்ணாடியை மாட்டினார்.

"உள்ள என்ன இருக்குன்னு தெரியாம எப்படிம்மா போட? நாளைக்கு ஒரு வில்லங்கம்னா என்னையத்தான கேப்பான்?"

மனதுக்குள் படிக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. ஸ்டேஷனில் புகார் வாசிக்கிற குரலில் ஆரம்பித்தார். 'நானும் என் கணவரும் பிரிந்து வாழ்வதால், முன்பு அவருக்கு எழுதிய உயிலை ரத்து செய்து' என்ற இடத்தில் குரல் தேய்ந்து நின்றது. வாசல் பெஞ்சில் இருந்த அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. மீதியை வாசிக்காமலே அண்ணன் கையெழுத்துப் போட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. சொல்ல வேண்டியதை வேறு யாரோ சொல்லி முடித்துவிட்ட ஆசுவாசமும் இருந்தது.

"எழுதின தோஷம் போக ஒரு முழுக்கு போட்டுட்டு வருவோம், சித்தி" என்று அண்ணன் ஆட்டோவைக் குற்றாலத்துக்கு விடச் சொன்னார். பெண்கள் பக்க வரிசையில் நிற்கும்போதுதான் அம்மா வாயைத் திறந்தாள்.

"அவன் குரலை போன்ல கேட்டு எம்புட்டு நாளாச்சு! எனக்குத் தெரியாதாக்கும்? நீயா சொல்லுவேன்னுதான் இருந்தேன்."

வரிசை கொஞ்சம் நகர்ந்தது. அவளே மறுபடி கேட்டாள்.

"எனக்குப் பொறவு வீடு யாருக்குன்னு எழுதியிருக்கே?"

"எழுதலம்மா. யார் இருக்கா?"

"அப்பம் நான் போனதும் என் பேரை எடுத்துட்டு வேற எழுதணும்லா?"

"ஆமா."

"அதுக்கு நீ இங்கன வரணும்லா?"

"வரணும்."

"அது போதும்ட்டி. நான் இல்லேன்னா நீ இங்கன எதுக்கு வரப்போறேன்னு நெனச்சிக்கிட்டே கெடந்தேன்" என்று முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு அருவிக்குள் நுழைந்தாள்.

தூரத்தில் அண்ணன், உயிலும் பாஸ்போர்ட்டும் இருந்த என் கைப்பையைச் சாரல் படாமல் நெஞ்சோடு அணைத்தபடி நின்றார். நான் தண்ணீருக்குள் அம்மாவின் கையை விடாமல் பிடித்திருந்தேன்.